வாபாஷ் ஆற்றங்கரையில் ஒரு பழைய பாக்கி

அமெரிக்கா என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது நயாகரா, நியூயார்க் சுதந்திரச் சிலை, வாஷிங்டன் வெள்ளை மாளிகை. பிள்ளைகளும் நம்மை அங்கேதான் அழைத்துப்போய்ப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நடுவிலே கிடக்கும் மாநிலங்களை விமானத்தில் தூங்கிக்கொண்டே தாண்டிவிடுகிறோம். இண்டியானா அப்படித் தாண்டப்படுகிற மாநிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் சோளமும் சோயாவும்தான். "இங்கே பார்க்க என்னப்பா இருக்கு?" என்று அங்கே பன்னிரண்டு வருஷமாகக் குடியிருக்கும் என் மகனே கேட்டான்.

நான் பார்க்க ஆரம்பித்தது ரோட்டோரப் பெயர்ப் பலகைகளை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த புதுச்சேரிக்காரனுக்கு அந்தப் பலகைகள் ஒரு வேடிக்கை. 'தேர் ஓத்' என்று நான் வாசித்த ஊர், உயரமான நிலம் என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர். ஊர்க்காரர்கள் அதை 'டெரா ஹோட்' என்கிறார்கள். பதினான்காம் லூயியின் அரண்மனை இருந்த வெர்சாய், அங்கே 'வெர்சேல்ஸ்'. 'துய்புவா' என்ற மாவட்டம் 'டூபாய்ஸ்' ஆகிவிட்டது. 'நோத்ர் தாம்' பல்கலைக்கழகம் உலகம் முழுக்க 'நோட்டர் டேம்'. 1842-ல் அதைத் தொடங்கியவர் சோரேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். மாநிலத்தின் பெரிய ஆறான வாபாஷின் பெயர், வெண்மையாய் மின்னுவது என்ற பொருளில் மயாமி பழங்குடியினர் வைத்தது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் இங்கிலீஷில் எழுதினார்கள். தண்ணீர் என்னவோ அதேதான்.

இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. எங்கள் ஊரில் நகராட்சிக் கட்டடத்துக்குப் பிரெஞ்சில் 'மெரி'. நாங்கள் அதை 'மேரி' ஆக்கி, விவரம் தெரியாத சிலர் அது மாதா பெயர் என்றுகூட நினைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் 'சொல்தா'. வாயில் நுழைந்தபடி பெயர் மாறுவது எல்லா ஊருக்கும் பொது.

இன்னொரு பெயர்க்கதை. தென் இண்டியானாவில் ஒரு சிற்றூர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு சாண்டா ஃபே என்று பெயர் வைத்துத் தபால் நிலையம் கேட்டார்கள். அந்தப் பெயரில் மாநிலத்தில் ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கிறது, வேறு பெயர் கொண்டுவாருங்கள் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் சாண்டா கிளாஸ், அதாவது நம் கிறிஸ்துமஸ் தாத்தா. 1856-ல் தபால் நிலையமும் வந்தது. விளைவு, அந்தப் பெயருக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களெல்லாம் அங்கே போய்ச் சேர ஆரம்பித்தன. 1914 வாக்கில் ஒரு போஸ்ட்மாஸ்டர் சும்மா இருக்க மனமில்லாமல் பதில் எழுதத் தொடங்கினார். இன்றைக்கும் ஊரார் கூடி உட்கார்ந்து, இலவசமாக, வருஷாவருஷம் பதில் எழுதுகிறார்கள். வந்த கடிதத்துக்குப் பதில் போடவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதே, முப்பத்தாறு வருஷம் அரசாங்க மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் அதற்கு ஒரு கும்பிடு போடுகிறேன்.

கோப்பு எப்படியெல்லாம் சுற்றும் என்பதற்கும் இண்டியானாவில் ஓர் உதாரணம் உண்டு. 1897-ல் குட்வின் என்ற கிராமத்து டாக்டர், வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வரையும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினார். காம்பஸும் அளவுகோலும் கொண்டு அது முடியவே முடியாது என்று 1882-லேயே லிண்டெமான் என்ற ஜெர்மானியர் நிரூபித்துவிட்டார். டாக்டருக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை. தன் கண்டுபிடிப்பை இண்டியானா பள்ளிகள் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், மற்றவர்கள் பணம் கட்டவேண்டும் என்ற தாராள மனதோடு, அதைச் சட்டமாக்கச் சொல்லித் தன் தொகுதி உறுப்பினர் மூலம் மசோதா கொடுத்தார். அதன் கணக்குப்படி பார்த்தால், நாம் 3.14 என்று படித்த பை 3.2 ஆகிவிடும்!

அந்த மசோதா முதலில் போனது கால்வாய்கள் குழுவுக்கு. அங்கிருந்து கல்விக் குழுவுக்கு. கல்விக் குழு பரிந்துரை செய்ய, கீழவையில் 67-க்கு 0 என்று நிறைவேறியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மேலவையில் அதை மதுவிலக்குக் குழுவுக்கு அனுப்பினார்கள். அவர்களும் நிறைவேற்றலாம் என்று எழுதிவிட்டார்கள். இதற்கிடையில் பர்டூ பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் வால்டோ, வேறு ஒரு நிதி விஷயமாகச் சட்டமன்றத்துக்கு வந்தவர், இந்த விவாதம் காதில் விழுந்து திடுக்கிட்டார். மேலவை உறுப்பினர்களுக்கு உட்கார்ந்து பாடம் நடத்தினார். பிப்ரவரி 12 அன்று மசோதா தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. புரியாத கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்புவது ஒரு கலை என்று எங்கள் சூப்பரின்டென்டென்ட் சொல்வார். அந்தக் கலை கடல் கடந்தும் இருந்திருக்கிறது.

இவை சிரிப்பதற்கு. நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது வின்சென்ஸ் என்ற ஊரைப் பற்றி.

இண்டியானாபோலிஸிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போகவேண்டும். வாபாஷ் கரையில் 1732 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, அதைச் சுற்றி வளர்ந்த ஊர். கட்டிய அதிகாரி வேன்சென் பிரபுவின் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று. அவர் 1736-ல் சிக்கசா பழங்குடியினரோடு நடந்த போரில் பிடிபட்டு எரிக்கப்பட்டார். அதே 1736-ல்தான் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். இரண்டு ஊருக்கும் மேலே ஒரே ராஜா, பதினைந்தாம் லூயி.

அங்கே உள்ள பழைய தேவாலயத்தின் பெயர் புனித பிரான்சிஸ் சேவியர். நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார். பங்குப் பதிவேடுகள் 1749-லிருந்து பிரெஞ்சில் இருக்கின்றன. கூட வந்த பேத்தி, "தாத்தா, இந்த ஊரை ஏன் பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. பதில் நம் ஊரோடு சம்பந்தப்பட்டது.

1761 ஜனவரியில் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளைக்காரத் தெருக்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763 பிப்ரவரி 10-ம் தேதி பாரீசில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி புதுச்சேரி, காரைக்கால் முதலிய ஊர்கள் பிரான்சுக்குத் திரும்ப வந்தன. அதே உடன்படிக்கையில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே நியூ ஆர்லியன்ஸ் தவிர்த்த நிலமெல்லாம் இங்கிலாந்துக்குப் போயிற்று. ஒரே காகிதம், ஒரே மை. நாம் இந்தப் பக்கம் வந்தோம், வின்சென்ஸ் அந்தப் பக்கம் போனது. பள்ளியில் இந்த உடன்படிக்கையைத் தேதியோடு மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் மறுபாதியில் வாழ்ந்த மனிதர்களின் தெருவில் ஒருநாள் நிற்பேன் என்று நினைத்ததில்லை.

பிறகு 1778. பிரான்சு அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்தது. அதனால் இங்கிலீஷ்காரர்கள் மறுபடி புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தார்கள். அங்கே, ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் என்ற 25 வயது வர்ஜீனியாக்காரர், ஜூலையில் இல்லினாய் பக்கத்துக் கஸ்காஸ்கியாவைப் பிடித்தார். ழிபோ என்ற பாதிரியாரின் பேச்சைக் கேட்டு, வின்சென்ஸ் ஊர் பிரெஞ்சுக் குடிகள் தேவாலயத்தில் கூடி வர்ஜீனியாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். டிசம்பரில் ஹாமில்டன் என்ற இங்கிலீஷ் அதிகாரி கோட்டையை மீட்டார். அவர்களே மறுபடி கூடி, இங்கிலாந்து ராஜாவுக்குப் பிரமாணம் செய்தார்கள். அடுத்த பிப்ரவரியில் கிளார்க் திரும்பி வந்தார். மறுபடி பழைய பக்கம்.

கோழைகள் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1962-ல் எங்கள் ஊரில் ஆறு மாதம் அவகாசம் கொடுத்து, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் தெருவில் ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. இருவரும் மறுநாளும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார்கள். ஆளுகிறவன் மாறும்போது, வீடும் வயலும் உள்ளவன் என்ன செய்வான்?

கிளார்க் திரும்பி வந்த கதை அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் உண்டு. சுமார் 170 பேர், அதில் பாதிக்கு அருகில் பிரெஞ்சுக் கிராமத்து ஆட்கள், பிப்ரவரிக் குளிரில் வெள்ளக்காட்டில் மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்கள். பிப்ரவரி 25 அன்று ஹாமில்டன் சரணடைந்தார். ஆற்றங்கரையில் இதற்குப் பெரிய வட்டமான நினைவு மண்டபம் இருக்கிறது. 1936-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து அர்ப்பணித்தது. கிளார்க் சிலை உள்ளே கம்பீரமாக நிற்கிறது. முற்றுகையின்போது பிடிபட்ட பழங்குடிக் கைதிகளைக் கோட்டைக்காரர்கள் பார்க்கும்படி கோடாலியால் கொல்ல வைத்தவரும் அவரே. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

நான் அதிக நேரம் நின்றது வெளியே, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு கல் சிலையின் முன்னால். பெயர் பிரான்சிஸ் விகோ.

விகோ இத்தாலியில் மொந்தோவி என்ற ஊரில் 1747-ல் பிறந்தவர். ஸ்பெயின் பட்டாளத்தில் சேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் வந்து, பிறகு தோல் வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்தார். கிளார்க் கஸ்காஸ்கியாவில் இருந்தபோது கையில் காசில்லை. வர்ஜீனியாவின் நோட்டை வாங்க ஆளில்லை. விகோ சரக்கும் பணமும் கொடுத்தார். வின்சென்ஸ் போய் ஹாமில்டன் ஆட்களிடம் பிடிபட்டு, விடுதலையானதும் கோட்டை நிலவரத்தைக் கிளார்க்கிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான். அந்தத் தகவல் இல்லாவிட்டால் குளிர்கால நடையே இல்லை.

கொடுத்த சரக்குக்கு 1778 டிசம்பரில் கிளார்க் ஓர் உண்டியல் எழுதிக் கொடுத்தார். 8,616 டாலர். நியூ ஆர்லியன்ஸில் இருந்த வர்ஜீனியாவின் ஏஜென்ட் பொல்லாக் அதற்குப் பணம் தரவேண்டும். பொல்லாக்கிடம் பணம் இல்லை. அவரே கடனில் மூழ்கியிருந்தார். விகோ காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். போர் முடிந்தது. வர்ஜீனியா அந்த நிலத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. கடன் யாருடையது, மாநிலத்தினுடையதா மத்திய அரசினுடையதா என்ற கேள்வி வந்தது. அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

விகோ மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். 1818-ல் ஒரு புது மாவட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். கௌரவம் வந்தது, பாக்கி வரவில்லை. 1836 மார்ச்சில், 88 வயதில், ஏழையாகச் செத்தார். இறுதிச் சடங்குச் செலவு 20 டாலர். அதைக்கூட யாரும் உடனே கட்டவில்லை.

உயிலில் ஒன்று எழுதியிருந்தார். பாக்கி எப்போதாவது வந்தால், அதில் 500 டாலர் எடுத்து, தன் பெயர் கொண்ட மாவட்டத்தின் நீதிமன்றத்துக்கு, டெரா ஹோட்டில், ஒரு மணி வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று. தன்னைக் காக்கவைத்த அரசாங்கத்துக்கே மணி!

கிளார்க் கதையும் இதே கதைதான். படைக்காகத் தன் பெயரில் கடன் வாங்கினார். ரசீதுகளை வர்ஜீனியாவுக்கு அனுப்பினார். ரசீது இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கடன்காரர்கள் நிலத்தைத் தின்றார்கள். 1818-ல் வறுமையில் இறந்தார். 1913-ல் ரிச்மண்ட் நகரில், தணிக்கை அலுவலகத்தின் பழைய காகிதக் கட்டுகளில் அவர் அனுப்பிய வவுச்சர்கள் கிடைத்தன. அவர் செத்து 95 வருஷம் ஆகியிருந்தது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு காகிதத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குச் சேரவேண்டிய சம்பள பாக்கி. பெரிய தொகை இல்லை. பணிப்பதிவேட்டில் ஒரு பக்கம் காணோம் என்று கோப்பு மூன்று பிரிவுகளுக்கு இடையே ஏழு வருஷம் நடந்தது. அந்த அம்மா மாதம் ஒருமுறை வருவார். கையில் மஞ்சள் பை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, "வரேங்கய்யா" என்று சொல்லிப் போவார். கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் மாதம், கட்டை அவிழ்த்து ஒழுங்குபடுத்துகையில், தொலைந்த பக்கம் வேறொருவர் பதிவேட்டில் தைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. பத்து நாளில் உத்தரவு போயிற்று. காசோலையை வாங்கிக்கொண்ட அந்த அம்மா, "இது வந்ததும் போய்ச் சேரலாம்னு இருந்தேன்" என்றார். பணத்துக்காகக் காத்திருந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் புருஷன் கணக்கு நேர் என்று ஒரு காகிதம் சொல்லவேண்டும் என்பதற்காகக் காத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

விகோவின் வாரிசுகளும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1876-ல் தீர்ப்பு சாதகமாக வந்தது. அசல் 8,616 டாலர், வட்டி 41,000-க்கு மேல், மொத்தம் சுமார் 50,000 டாலர். பழைய பழக்கம் விடுமா? கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சதவீதத் தனிவட்டி என்றால் வருஷத்துக்கு 430 டாலர் 80 சென்ட். 96 வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கணக்கு நேராகிறது. உண்டியல் எழுதி 98 வருஷம் கழித்து, சடங்குச் செலவு 20 டாலரும் ஒருவழியாகத் தீர்ந்தது. டெரா ஹோட் நீதிமன்றத்துக்கு மணியும் வந்தது.

ஆனால் எல்லாக் கணக்கும் இப்படி நேராவதில்லை. இண்டியானா என்றால் இந்தியர்களின் நாடு என்று பொருள். நம்மைச் சொல்லவில்லை, அந்த மண்ணின் பழங்குடியினரை. மாநிலத்தின் வடக்கே இரட்டை ஏரிப் பக்கத்தில் இருந்த பொட்டவாட்டமி மக்களின் தலைவர் மெனாமினி, நிலத்தை விட்டுக்கொடுக்கும் 1836 உடன்படிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். மற்றவர்கள் கையெழுத்துப் போதும் என்று முடிவானது. 1838 செப்டம்பரில் துப்பாக்கி முனையில் 859 பேரைக் கிளப்பி, கான்சாஸ் வரை 660 மைல் நடத்தினார்கள். வழியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதிகம் குழந்தைகள். பெத்தி என்ற 27 வயது பிரெஞ்சுப் பாதிரியார், ரென் நகரில் வக்கீலாக இருந்து துறவியானவர், அவர்களோடு கூடவே போனார். திரும்பும் வழியில் காய்ச்சலில் அவரும் இறந்தார். அவர் எழுதிய கடிதங்கள் இருப்பதால்தான் அந்தப் பயணத்தின் பல நாட்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. மெனாமினிக்கு 1909-ல் சிலை வைத்தார்கள். விகோவிடம் ஒரு காகிதம் இருந்தது, அதைக் காட்டி நூறு வருஷம் கழித்தாவது கேட்க முடிந்தது. தன் கையெழுத்து இல்லாத காகிதத்தால் ஊரை இழந்தவர் எந்தக் கோர்ட்டில் எதைக் காட்டுவார்?

இப்போது மகனிடம் கேட்டால், பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்வதில்லை. உங்கள் பிள்ளைகளும் அந்தப் பக்கம் இருந்தால், ஒரு சனிக்கிழமை டெரா ஹோட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். நீதிமன்றக் கட்டடம் 1888-ல் முடிந்தது, குவிமாடம் தூரத்திலிருந்தே தெரியும். அந்த மணி மேலே இருக்கிறது. நீதிமன்ற வாசலில் மனுவோடு காத்திருப்பவர்கள் இன்றைக்கும் இருப்பார்கள். உள்ளே மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த மணி கேட்டால் நல்லது.